சிவப்புக்குக் காரணம்

அம்மா வீட்டை விட்டுப் போன ஆறாம் மாதமே சித்தியாகி வந்த அம்மாவின் தோழி, ஊர்வாய் அடைபடும்படி மகளைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். பாடக் கோப்பில் குறிப்பெழுதும் செயலியைக்கூட அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

"முக்கியமான வரிக்கு மஞ்சள். பொய்ன்னு தோணினா சிவப்பு, ஓரத்துல காரணம் எழுதணும். புரிஞ்சுதா, கட்டிக்கரும்பு?"

"வீட்டுப்பாடத்தை அப்பவே முடிச்சு மிஸ்ஸுக்கு அனுப்பிட்டேன் சித்தி."

"சமர்த்து. ஏதாவது ஒரு கடிதம் எடுக்கச் சொன்னாங்களே, எதை எடுத்த?"

"அம்மா போறப்ப டைப் அடிச்சு வச்சிட்டுப் போனாங்களே, அதை."

சித்தி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். ‘என்னைத் தேடாதே, கட்டிக்கரும்பு’ என்ற வரி முழுக்கச் சிவப்பு.

ஓரத்தில் காரணம்: ‘அம்மா என்னை ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. சித்தி மட்டும்தான் கூப்பிடுவாங்க.’