பன்னிரண்டு எழுத்து

மேனேஜர் சாவியை இருளாண்டி மகன் கையில் வைக்கப்போன நேரத்தில்தான் என் மகள் மலர்க்கொடி எழுந்து நின்றாள்.

"இருங்க சார். பேரு கம்ப்யூட்டர் உள்ள முழுசாத்தான் இருக்கு. பேப்பருக்கு வர்றப்பதான் வெட்டுப்படுது லா."

பாச்சாங்கில் வீடு கட்டி விற்கும் அந்த அலுவலகத்தில் அவள் கிளார்க். எங்கள் மெர்லிமாவ் தோட்டத்திலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்த முதல் பிள்ளை. இதை நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

தோட்டத்தை விற்றாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். புக்கிட் காத்தில் பக்கம் கட்டிய மலிவு வீடுகளுக்குக் குலுக்கல் போட்டார்கள். வீடு விழுந்தவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர், 'முனியாண்டி ஏ/எல்'.

ஏ/எல் என்றால் மலாய் வழக்கில் இன்னாருடைய மகன்; ஏ/பி என்றால் மகள். அந்த இன்னார்தான் தாளில் இல்லை.

பெயருக்குப் பன்னிரண்டு எழுத்துதான் இடமாம். முனியாண்டி ஏ/எல் என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் இடைவெளி, கோடு எல்லாம் சேர்த்துக் கணக்காகப் பன்னிரண்டு. சீனர் பெயர்கள் முழுசாக நின்றன. எங்கள் பெயர்களில் அப்பனைக் காணோம்.

எழுதிப்போட்ட முனியாண்டிகளோ இரண்டு பேர். தங்கையா மகன் வாயில்லாப் பூச்சி, கதவோரமே நின்றுவிட்டார். இருளாண்டி மகனுக்கு வாய் எட்டூருக்குக் கேட்கும். முதல் ஆளாக மேசைக்குப் போய், அது தன் பெயர்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டான். மனதுக்குள் அந்த வீட்டுக்குக் குடியே போய்விட்டான், பாவி.

மலர்க்கொடி கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினாள். எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பன்னிரண்டு இருந்த இடத்தில் நாற்பது போட்டது மட்டும் தெரிந்தது.

என்டர் மேல் விரல் கொஞ்சம் நின்றது. என்னைப் பார்த்தாள். அப்புறம் தட்டிவிட்டாள்.

பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று தாளைத் தள்ளியது.

முனியாண்டி ஏ/எல் தங்கையா.

தங்கையா மகன் தன் அப்பன் பெயரை விரலால் தடவிப் பார்த்து அழுதேவிட்டார். சாவி அவர் கைக்குப் போனது.

கூட்டத்தில் ஒருவர், அடேயப்பா, யார் பெற்ற பிள்ளை இது என்று கேட்டார். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினேன். மலர்க்கொடி ஏ/பி முனியாண்டி.

எந்த முனியாண்டி என்றார்.

சாவிக்காக நீட்டிய கையை அப்போதுதான் மடக்கி, நெஞ்சில் தட்டிக்கொண்டேன்.

"இருளாண்டி மகன் லா!"