தாளின் பின்பக்கம்

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு அடிமை முறையை எதிர்த்து ஓர் அமெரிக்க செனட்டர் ஆற்றிய உரையை ஆராய்ந்துதான் பூங்கோதை முனைவர் பட்டமே வாங்கினாள். கன்னத்தில் தீத்தழும்போடு ஏலமேடையில் நின்ற ஒரு சிறுமிக்காக அவர் அதில் உருகி உருகி எழுதியிருந்தார். இருபது வருஷமாக மைக்ரோஃபிலிமில் மட்டுமே படித்த அந்தக் கையெழுத்துப் பிரதியை இன்றுதான் ஆவணக்காப்பகத்தில் தொட்டாள். தாளைத் திருப்பினாள். அதே கையெழுத்தில் பத்திரிகைக்கு ஒரு விளம்பரம்: “என் அடிமைச் சிறுமி ஓடிப்போய்விட்டாள். வயது பன்னிரண்டு. இடது கன்னத்தில் தீத்தழும்பு. பிடிப்பவர்கள் என் வீட்டில் ஒப்படைக்கவும்.”

“என்னாச்சுடி? முகமெல்லாம் வெளிறிப்போச்சு?” என்றாள் உடன் வந்திருந்த ரெஜினா.

“பிலிம்ல முன்பக்கத்த மட்டுந்தாண்டி எடுத்திருக்காங்க. நானும் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கும்னு யோசிக்கவே இல்ல.”

உரையில் ஓரிடத்திலும் சொல்லாத அந்தச் சிறுமியின் பெயரை, விளம்பரத்தின் தலைப்பாக எழுதி அவர் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.