நூற்றுப் பதினேழாம் ஏடு

"ஏடு இருந்தா உள்ளே வா. இல்லேன்னா வந்த வழியைப் பாத்துப் போ."

தஹான் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே, உச்சி வெயிலில், அவருடைய அண்ணன் யர்பா கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு பாலைவனத்து வதான் ஊருக்குத் திரும்பியிருந்த அந்த மனிதர், பிறந்த வீட்டின் படியில் ஒரு விரலைக்கூட வைக்கவில்லை.

"நல்லா இருக்கியா தம்பி?"

"தம்பின்னு கூப்பிடாதே. கடற்கரை மீன் நாத்தம் இங்கே வரைக்கும் அடிக்குது."

"அம்பது வருஷம் மீன் காயவெச்சவன் மேல அத்தரா மணக்கும்?" யர்பா சிரிக்க முயன்றார். சிரிப்புக்குப் பதிலாக இருமல் வந்தது. அது அடங்க வெகுநேரமாயிற்று.

அறைக்குள் தோலுறைகள் விரிந்து கிடந்தன. குடும்பச் சுவடிகளைப் பதிவு செய்யத் தலைநகரிலிருந்து வந்திருந்த தெஸ்லெம், எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பெரியவரே, அந்த ஏட்டை எடுத்தது இவர்தானா?"

"இவர்தான்! யாரோ வெள்ளைக்காரனுக்கு வித்துட்டார்னு ஊரே சொல்லுது. வாப்பா ஏடுகளை எண்ணிப் பாத்துட்டு, 'எடுத்தது யாரா இருந்தாலும் இந்த வீட்டுல இடமில்லை'ன்னு குர்ஆன் மேல ஆணையிட்டார். இந்த மகராசன் முன்னால வந்து, 'நான்தான் எடுத்தேன்'னார். ஏன், எதுக்குன்னு கேட்டா வாயே தொறக்கல."

தெஸ்லெம் மடியிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள். தைக்கப்படாத நூற்றுப் பதினாறு ஏடுகள். கண்ணில் வளர்ந்த புரையை ஊசியால் நீக்கும் முறை, முறிந்த எலும்பை ஈரத்தோலால் கட்டும் முறை, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க வேண்டிய கஞ்சி. நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மணலுக்குள் இத்தனை வைத்தியம் இருந்திருக்கிறது என்பதைப் படிக்கப் படிக்க அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஆனால், எழுதியவரின் பெயர் இருந்தது நூற்றுப் பதினேழாம் ஏட்டில்.

"எங்க வம்சத்து மூத்த பாட்டனார், கைராசிக்காரர், எழுதினதும்மா. ஊருல யாரை வேணும்னாலும் கேளு."

"ஊருக்குத் தெரிஞ்சா போதாது, பெரியவரே. பதிவேட்டுக்குத் தெரியணும். ஏடு இல்லேன்னா, 'எழுதியவர் பெயர் தெரியவில்லை'ன்னுதான் நான் எழுத முடியும். இன்னிக்குச் சாயங்காலம் கட்டை மூடி முத்திரை வெச்சாகணும்."

தஹானின் முகம் இருண்டது. வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயருக்காகவே அவர் இந்தச் சுவடிகளைக் கறையானிடமிருந்தும் மணலிடமிருந்தும் காத்து வந்தார்.

"கேட்டியா?" என்றார் வாசலை நோக்கி. "உன்னால எங்க பாட்டனார் இன்னியோட அனாதை ஆகிறார். வாப்பா கண்ணை மூடும்போதும் ஒண்ணுதான் சொன்னார். ஏடு வந்தா அவன் வரலாம்."

யர்பா அங்கியின் உள்ளிருந்து எண்ணெய்த் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து, படிக்கு அப்பாலிருந்தபடியே கையை நீட்டினார்.

"கொண்டு வந்திருக்கேன்."

தஹான் துள்ளி எழுந்தார். பொட்டலத்தை வாங்கினார். "அண்ணே..." என்ற சொல் அவரை அறியாமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

துணியைப் பிரித்தார். உள்ளே இருந்தது ஒரு வெற்றுத்தாள்.

"என்னய்யா இது? சர்க்கரை மடிக்கிற காகிதத்தைக் கொடுத்து ஏமாத்தப் பாக்கிறியா?"

தெஸ்லெம் அதை வாங்கி, நூற்றுப் பதினாறாம் ஏட்டின் அடியில் வைத்தாள். மேல் ஏட்டில் பூச்சி அரித்த துளைகள் மூன்று இருந்தன. கீழ்த்தாளிலும் அதே இடத்தில் மூன்று.

"இதேதான், பெரியவரே. மனுஷன் பொய் சொல்லலாம், பூச்சி சொல்லாது."

"அப்ப எழுத்து எங்கே?"

அவள் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். "சுரண்டல. தானா அழியவும் இல்லை. கிண்ணத்துல சாய்ச்சுப் பிடிச்சு, ஒரு சொட்டு சிந்தாம கழுவியிருக்காங்க. சீக்காளிக்கு எழுத்தைக் கழுவி அந்தத் தண்ணியைக் குடுக்கிறது நம்ம பக்கத்து வழக்கம்தானே?" பிறகு யர்பாவிடம் தணிந்த குரலில் கேட்டாள்: "ஐயா, யாரு குடிச்சாங்க?"

"கேக்காதே, தாயி. செத்துப்போனவங்களுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

தஹானுக்குக் கோபம் தலைக்கேறியது. "கழுவிக் குடிக்கப் புதுசா நாலு வரி எழுதத் தெரியாதா? பாட்டனார் கையெழுத்துதான் கேட்டுச்சா? எவ வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனே? சொல்லு!"

யர்பா தலைகுனிந்து நின்றார். "ஏட்டைக் கொடுத்துட்டேன். உம்மா பக்கத்துல என்னைப் புதைச்சா போதும். வேற எதுவும் கேக்காதே."

"நீ சொல்லாட்டி போ. படைச்சவன் அறிவான்!" தஹான் மக்கா இருக்கும் திசையில் திரும்பி இரு கைகளையும் ஏந்தினார். "யா அல்லாஹ், எங்க பாட்டனார் பேரைக் கரைச்சுக் குடிச்ச அந்த வயிறு வெந்து, அவன் வம்சமே..."

கம்பு கீழே விழுந்தது. யர்பா ஒரே எட்டில் படியைத் தாண்டி உள்ளே பாய்ந்து, தம்பியின் வாயைத் தம் உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.

"வேண்டாம்டா, சபிக்காதே! அப்ப வாப்பா உப்பு ஏத்திக்கிட்டு ஒட்டகங்களோட போயிருந்தார். புதுசா எழுதிக் கழுவினது எதுவும் உனக்குப் பலிக்கல; மூணு நாளா நீ கண்ணே தொறக்கல. உம்மாதான் அந்த ஏட்டைக் கழுவி உன் வாயில ஊத்தினாங்க."