கடிக்கும் நாய்: ஒரு திருத்தம்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஊர் வரைபடத்தை இணையத்தில் திறந்துவிட்டார்கள். சுடர்க்கொடி முதல் வேலையாக எங்கள் தெருமுனையில் ஒரு புள்ளி வைத்து, ‘கடிக்கும் நாய்’ என்று எழுதினாள். அன்று முதல் சனங்கள் அடுத்த தெருவழியாகப் போனார்கள். கடிக்க ஆளில்லாத நாயும் அங்கேயே குடிபோனது. அவள் புள்ளியை அங்கே நகர்த்தினாள். சனங்கள் இங்கே திரும்பினார்கள். பின்னாலேயே நாயும் வந்தது. நகர்த்தி நகர்த்திச் சலித்தவள் ஒருநாள் புள்ளியை அழித்தேவிட்டாள். மறுநாள் தெருமுனையில் நாயின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி பேனர் தொங்கியது. அதன் நிழலில்தான் நாய் படுத்திருந்தது. பேனருக்கு மாலை போட வந்த தனபாலனின் கெண்டைக்காலைக் கவ்வியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்தாள். “அந்த நாய்தான் செத்துப்போச்சே சார்?”

“செத்த நாயா இப்படிக் கடிக்கும்?” என்று தனபாலன் வேட்டியைத் தூக்கிக் காட்டினார்.

“அப்ப மேப்ல மறுபடியும் போட்டு விடுங்க. அப்புறம்தான் ஊசி.”

வலியில் அவசர அவசரமாக அவர் புள்ளியை வைத்தார். அது அவர் நின்ற இடத்திலேயே, ஆஸ்பத்திரியின் மேல் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் கைபேசியைப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். நர்ஸ் ஊசியோடு மேசைமேல் ஏறிக்கொண்டு கத்தினாள்: “அசையாதீங்க சார், அது உங்க பக்கத்துலதான் நிக்குது!”