ஏணி வைத்துப் பறிக்கிற தேயிலை

"தேயிலை மரம்னா என்னன்னு நெனைச்சீங்க? தென்னை உசரம். பொம்பளைங்க ஏணி வச்சு ஏறித்தான் பறிக்கிறாங்க."

சபாபதி இதைச் சொன்னபோது மயில்வாகனத்துக்குச் சுருக்கென்றது.

விடிந்தும் விடியாத நேரம். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவை நீளமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு தெருவே இரண்டு பக்கமும் நின்றது. இழை ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது.

மாசக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு முந்தாநாள்தான் சபாபதியும் காமாட்சியம்மாளும் திரும்பியிருந்தார்கள். எங்கே போனீர்கள் என்றால், சிலோன். அங்கே மாமன் மகன் கார் வைத்திருக்கிறானாம். புருஷனும் பெண்டாட்டியும் அதில் ஏறி ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தார்களாம். கண்டியில் கடலில் குளித்தார்களாம்.

கண்டியில் ஏது கடல்? மயில்வாகனம் கொழும்பில் கடைச் சிப்பந்தியாகப் பாதி வயசைக் கழித்துவிட்டு வந்தவர். மலைத் தோட்டங்களுக்கு லாரியில் சரக்கு கொண்டு போனவர். 'கொழும்புக்காரர்' என்கிற பேர் ஒன்றுதான் இந்தத் தெருவில் அவருக்கு இருந்த சொத்து. அதற்கும் ஒருத்தன் பங்குக்கு வந்துவிட்டான், அதுவும் புளுகிக்கொண்டு.

ஒரே கேள்வியில் ஆளை உட்கார வைத்துவிடலாம் என்று தொண்டையைச் செருமினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். காமாட்சியம்மாள் தூக்கி வளர்த்த குழந்தை. அடையாளம் கண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது.

காமாட்சியம்மாள் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்டா கண்ணு" என்றாள்.

மயில்வாகனம் செருமின தொண்டையோடு அப்படியே நின்றார்.

எதிர்ப்பக்கம் பாவு பிடித்திருந்த தனசேகரன் சும்மா இருப்பானா? யார் காலை வாரலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பவன்.

"கொழும்புக்காரரே, தேயிலைச் செடி இடுப்பளவுதான்னு நீங்க சொன்னீங்க. இவரு ஏணின்றாரு. ரெண்டு பேர்ல யாரு புளுகறது?"

சபாபதி முகம் வெளுத்தது. காமாட்சியம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை.

"நான்தான்பா" என்றார் மயில்வாகனம். "கடைக்குள்ளாறவே கிடந்தவன் தோட்டத்தை எங்க கண்டேன்? காதுல விழுந்ததை அளந்துக்கினு இருந்தேன். சபாபதி சொல்றதுதான் நெஜம். ஏணி இல்லாம முடியாது."

பாவு அதிர்கிற மாதிரி தெரு சிரித்தது. பொழுது சாய்வதற்குள் கொழும்புக்காரர் 'ஏணிக்காரர்' ஆகிவிட்டார். காமாட்சியம்மாளின் குடம் எல்லார் குடத்தோடும் குழாயடி வரிசையில் நின்றது.

சாயங்காலம் சபாபதி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவியைத் தாம்பரம் டி.பி. ஆஸ்பத்திரியில் வைத்துக் குணமாக்கிக் கூட்டி வந்ததையும், தெரிந்தால் தெரு ஒதுக்கிவிடும் என்று பயந்து சிலோனில் கார் ஓட்டியதையும் சொன்னார்.

"நீங்க எப்படிண்ணே கண்டுக்கினீங்க?"

"என் தங்கச்சி அன்னம்மாளும் அங்கேருந்து குணமாகித்தான் வந்தா. குழந்தைங்களைக் கண்டா இப்படித்தான் கையைக் கட்டிக்குவா. சாகற வரைக்கும் அவ குடம் தனியாத்தான் நின்னுச்சு."

மயில்வாகனம் குழாயடிப் பக்கம் பார்த்தார்.

"அவளுக்கு இப்படி ஒரு சிலோனைக் காட்ட எனக்குத் தோணலப்பா."