ஏகமனதாக

செயலாளர் மேசையை ஓங்கித் தட்டினார். "இந்த மாதிரி துரோகிங்களாலதான் கட்சி மூணு தடவை உடைஞ்சுது! எதிர் கோஷ்டிக்காரன் செத்ததுக்குப் போய் மாலை போட்டிருக்காரு நம்ம பொருளாளர். அவரைக் கட்சியை விட்டே நீக்கணும்னு முன்மொழியறேன். யாரு வழிமொழியறீங்க?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். செயலாளருக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"வழிமொழியாம தீர்மானம் செல்லாதே! எல்லாரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

பொருளாளரே கையைத் தூக்கினார்.

"நான் வழிமொழியறேன், தோழர். கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான். ஆனா செத்தவனும் நம்மகூட ஜெயில்ல கிடந்தவன்."

"தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது!" என்று கத்தினார் செயலாளர்.

பொருளாளர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். செயலாளரின் எதிரே இப்போது வெறும் காலி நாற்காலிகள்தான்.

வாசலில் நின்று திரும்பினார் பொருளாளர்.

"அடுத்து உங்களை நீக்கணுமே, யாரு முன்மொழிவா?"