விலை சொன்ன வாய்

நோட்டீஸின் மூன்றாம் பக்கத்தைப் படித்து முடித்ததும் வக்கீல் முத்துப்பிரியா சிரித்தாள். அப்பாடா என்று இருந்தது ராஜாராமுக்கு. வக்கீல் சிரித்தால் பாதி கேஸ் ஜெயித்த மாதிரிதானே.

விஷயம் இவ்வளவுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், போடியில் உட்கார்ந்தபடியே ஏலக்காய் விற்க 'பச்சைமணி' என்ற பேரில் அவர் ஒரு வெப்சைட் ஆரம்பித்தார். அதே பேரில் வெளியூரில் ஒரு மசாலாக் கம்பெனி இருக்கிறதாம். அவருக்கு முன்பே பேரைப் பதிவு செய்துவிட்டார்களாம். இப்போது வெப்சைட் பேரைக் கொடு என்கிறார்கள்.

கொடுக்கவா? பம்பாயிலும் டெல்லியிலும் இருக்கிற வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பேரைத் தட்டித்தான் அவரிடம் வருகிறார்கள். அது போனால் நாளைக்கு அவரை யாருக்குத் தெரியும்?

"பயப்படாதீங்க சித்தப்பா. அவங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாது. நீங்க நெசமாவே யாவாரம் பண்றீங்க. பேரைப் பிடிச்சு வச்சுக் காசு பாக்க நெனைக்கலைன்னு காட்டினாப் போதும்" என்றபடி நாலாம் பக்கத்தைத் திருப்பினாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒருத்தர் போன் செய்தார். தேனொழுகப் பேசினார். அந்தப் பேரை எங்களுக்குத் தந்துவிடுங்களேன், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். நாற்பது லட்சம் என்றார் ராஜாராம். அதையே எழுதி அனுப்பச் சொன்னதும் வாட்ஸப்பிலும் அனுப்பிவிட்டார். அந்த வாட்ஸப் செய்தியின் படம்தான் நாலாம் பக்கம்.

"கொடுக்கிற எண்ணமே இல்ல ஆத்தா. அதனாலதான நாப்பது சொன்னேன்!"

அவளுக்குப் புரிந்தது. புரியாமல் எப்படி இருக்கும்? அவள் அப்பாவும் ஏலக்காய் வியாபாரிதான். தேடி வந்து விலை கேட்கிறவனிடம் முகத்திலடித்தாற்போல 'இல்லை' என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு எழாது. அவனால் எட்டவே முடியாத ஒரு விலையைச் சொல்வார்கள். கேட்டவனும் புரிந்துகொண்டு, சிரித்தபடியே அடுத்த கடைக்குப் போய்விடுவான். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

ஆனால் இந்தப் பேர்த் தகராறில் தீர்ப்புச் சொல்லப்போகிற நடுவர் டெல்லியில் இருக்கிறார். அவருக்கு நாற்பது லட்சம் என்றால் நாற்பது லட்சம்தான். அவர் கண்ணுக்கு, அடுத்தவன் பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கறக்கப் பார்த்த ஆள் ராஜாராம். எழுத்தில் வேறு இருக்கிறது.

வெளியே மலைக்குப் போகிற ஜீப்புக்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முத்துப்பிரியா நாலாம் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

இந்தப் பெண் கைவிட மாட்டாள் என்று ராஜாராமுக்கு நம்பிக்கை. போன வருஷம் கடைத் தகராறு ஒன்றை மூவாயிரம் ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தவள் ஆயிற்றே.

"நீயே நடத்திக் குடுத்துரு ஆத்தா. ஃபீஸ் எவ்வளவுன்னு சொல்லு."

அவள் காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அஞ்சு லட்சம் ஆகும் சித்தப்பா."

ராஜாராம் குறைத்துக் கேட்கவில்லை. நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் சங்கடப்படக் கூடாதே என்று சிரித்தார்.

"வர்றேன் ஆத்தா. வெரசா ஒரு புதுப் பேரு யோசிக்கணும்."